செலவு

பரந்தனில் பஸ் ஏறும்போது
கையில் ஏழாயிரத்து எண்ணூறு.
நாலு நாள், ரெண்டு பேர், கொக்கிளாய் வரைக்கும் கரை.
கொப்பியில் ஒரு கோடு கிழித்தேன்:
இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் மிச்சம்.
அந்தப் பக்கத்துக்கு நீ முத்தம் கொடுத்தாய்,
கஞ்சன்.

கனடா மச்சாள் தேன்நிலவு போன
கரீபியன் தீவுப் படங்கள் அனுப்பியிருந்தாள்.
வெள்ளை மணல், சரிந்த படகு, தென்னை.
"இது எங்கட அளம்பில்தானே" என்றாய்,
பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
"இல்லை. எல்லாத் தென்னைக்கும் தலை இருக்கு."

பை ரெண்டும் இரவல்.
என்னுடையது தங்கச்சியின் புத்தகப்பை,
உன்னுடையது ஏதோ நிறுவனம் கொடுத்தது,
பெயர் அழிந்து நீலச் சின்னம் மட்டும்.
கூடாரம் வாங்கக் காசில்லை,
வீட்டில் தறப்பாள் சும்மா கிடக்குது,
அதைக் கட்டிப் படுப்போம் என்றேன்.
நீ பதில் சொல்லவில்லை.
அடுத்த நாள் மூவாயிரத்து இருநூறுக்கு
நுளம்பு வலை வாங்கி வந்தாய்.
பேரம்கூடப் பேசவில்லையாம்.
பதினோராயிரம் ஏழாயிரத்து எண்ணூறானது
இப்படித்தான்.

வட்டுவாகலில் இறங்கி நடக்கலாம் என்றது நான்.
பஸ்காசு மிச்சம், நந்திக்கடலும் வடிவு.
பாலத்தில் என் பையையும் வாங்கிக்கொண்டாய்.
நான் கொக்குகளை எண்ணினேன்.
நீயும் எதையோ எண்ணிக்கொண்டு
நேரே பார்த்து நடந்தாய், பரன்.

பாலம் முடிய, சீருடைக்காரரின் தேநீர்க்கடை.
பச்சைத் தகரம், சுழல்கிற காற்றாடி,
பால்தேத்தண்ணி அறுபது.
வேறெங்கும் நூறு.
எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.
ரெண்டு ரூபாய் மிச்சம் தராத நடத்துனரோடு
விசுவமடு வரை சண்டை பிடித்த நீ
கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை.
சிலாவத்தையில் ஒரு பெட்டிக்கடையில்
நூற்றியிருபதுக்குக் குடித்தோம். சீனி கூட.
தேத்தண்ணி 240 என்று எழுதினேன்.
காரணம் எழுத என் கொப்பியில் இடமில்லை.

பிறகு ரெண்டு நாள்
பாண், சம்பல், வாழைப்பழம், மணல்.
பாணிலும் மணல்.
உன் மூக்கு உரிந்து கொய்யாவின் உட்புறம் போலானது,
நான் சிரிக்க நீ கோபித்து முன்னால் போய்
அலை செருப்பை இழுக்க
ஒற்றைக் காலில் துரத்தினாய்.
செம்மலையில் படகு ஓட்டையடைத்த ஒருத்தி
"ஏன் பிள்ளையள் நடக்கிறியள், பஸ் ஓடுதே" என்றாள்.
பார்க்க என்றேன்.
கடலை ஒரு தரம் பார்த்துவிட்டு
திரும்பவும் ஓட்டையைப் பார்த்தாள்.
நாயாற்றில் சிலாபத்து மீனவன்
பாதித் தமிழில் பேசி
ஒரு கை சூடை மீன் தந்தான்.
காசு வாங்கவில்லை.
அதற்கு எந்தப் பக்கம் எழுதுவது?

அன்றிரவு சவுக்கு மரத்தில் வலையைக் கட்டினோம்.
காற்று உள்ளே வந்தது, நிலவு உள்ளே வந்தது,
நுளம்பும் ரெண்டு வந்தது.
ஈரத் தலையோடு என் தோளில் கிடந்து சொன்னாய்:
"இந்தக் கடலில இண்டைக்குத்தான் முதல்முதல் குளிச்சனான்."
பொய் சொல்லாதே, என்றேன்,
பதினொரு வயதில் மூன்று மாதம்
இந்தக் கரையில்தானே இருந்தாய்?
"ஓம். இருந்தனான்."
அவ்வளவுதான்.
நுளம்பு ஒன்றை என் கன்னத்தில் அடித்தாய்,
அடி மெதுவாக விழுந்து
கை அங்கேயே கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்தது:
பழந்தமிழில் செலவு என்றால் பயணம்.
பரீட்சையில் ரெண்டு புள்ளி.

கொக்கிளாயில் கடைசி பஸ் போய்விட்டது.
கொப்பியைக் கூட்டினேன்.
இருக்க வேண்டியதைவிட நாற்பது ரூபாய் கூட இருந்தது.
மூன்று தரம் கூட்டியும் கூடத்தான்.
"பிழையாய் எழுதியிருப்பாய்" என்று
வெளிச்சத்தில் பிடித்து வரிவரியாய்ப் பார்க்கிறாய்,
உப்புக் காய்ந்த கழுசான்
பையின் மேல் விறைத்துக் கிடக்க.
தேத்தண்ணி 240 வந்ததும்
விரலை எடுத்துவிட்டு
அடுத்த வரிக்குப் போகிறாய்.